ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்கு வருடம் ஒரு முறை தொட்டி மாற்றுங்கள்

ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்ததும் எங்கள் பேரூர் வீட்டுப் பின்கட்டில் பழைய நாளிதழை விரித்துவிடுவேன். வெயில் தணிந்திருக்கும், காற்றில் கேரளத்து மழையின் ஈரம் இருக்கும். பூவின் முன்னால் செருப்பு முனை போல ஒரு பை தொங்கும் ஆர்க்கிட்தான் ஸ்லிப்பர். என்னிடம் உள்ள பதினொரு ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகளுக்கும் தொட்டி மாற்ற இதைவிட நல்ல காலம் கோயம்புத்தூரில் கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று செடிதான் எடுப்பேன். அவசரப்பட்டால் வேர் ஒடியும். இந்தச் செடிக்கு வேர்கள் கொஞ்சம்தான். அதில் நான்கு ஒடிந்தால் அந்த வருடப் பூவை மறந்துவிட வேண்டியதுதான்.

தொட்டியைக் கவிழ்த்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். நல்ல நிலையில் இருக்கும் கலவையில் மழை நனைத்த சருகின் வாசம் வரும். கெட்டுப்போயிருந்தால் புளித்த மாவின் நெடி அடிக்கும். அந்த நெடி வந்துவிட்டால் இலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் உள்ளே வேர் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது முதல் செடியை இழந்த பிறகு. விற்றவர் நைசான கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், நட்டுக் கொடுத்திருந்தார். பூ இருக்கும்போது தொடக் கூடாது என்று சொன்னதால் அப்படியே வைத்திருந்தேன். பூ இரண்டு மாதம் நின்றது. அப்புறம் இலை துவள ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், இன்னும் துவண்டது. கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேரே இல்லை. சேறு மட்டும்தான் இருந்தது. வேர் அழுகிய செடிக்கும் தாகம் எடுத்த செடிக்கும் இலை ஒரே மாதிரிதான் துவளும். வெளியில் இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது.

டென்ட்ரோபியம், காட்லியா போன்ற ஆர்க்கிட்டுகளுக்குப் பருத்த தண்டு உண்டு. அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், இரண்டு வாரம் காய்ந்தாலும் தாங்கும். ஸ்லிப்பருக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. காட்டில் இது பெரும்பாலும் தரையில், சருகுக் குவியலிலும் பாறை இடுக்குப் பாசியிலும் வேர் விட்டு வளர்கிறது. அங்கே எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், கூடவே காற்றும் ஓடும். ஈரமும் காற்றும் ஒரே நேரத்தில் வேருக்குக் கிடைக்க வேண்டும். தொட்டிக் கலவை மக்கி மாவாகும்போது ஈரம் நிற்கும், காற்று போய்விடும். நம் வெயிலுக்கும் நாம் ஊற்றும் தண்ணீருக்கும் ஒரு வருடத்தில் அந்த நிலை வந்துவிடுகிறது. அதனால்தான் செடி பெரிதாகிறதோ இல்லையோ, வருடம் ஒரு முறை கலவையை மாற்றச் சொல்கிறேன்.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது

எல்லா ஸ்லிப்பரும் நம் ஊருக்கு ஒத்துவராது. இலை முழுக்க ஒரே பச்சையாக இருப்பவற்றில் பல, இன்சிக்னே போன்றவை, குளிர்ந்த இரவு இல்லாமல் மொட்டு வைக்காது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் அவற்றை வாங்கலாம். சமவெளியில் இருப்பவர்கள் இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கட்டம் கட்டமாகக் கலந்திருக்கும் வகையைத் தேடுங்கள். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் மௌடியே கலப்பினங்கள். கலோசம், லாரன்சியானம் என்ற இரண்டு இனங்களைச் சேர்த்து இங்கிலாந்தில் 1900-இல் உருவான செடி அது. வெள்ளையில் பச்சைக் கோடு போட்ட பூ. இன்றைக்கும் புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது அதைத்தான்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்றே ஒன்றுதான். பாஃபியோபெடிலம் ட்ரூரியி என்று பெயர், அகத்தியமலையைச் சேர்ந்தது. மஞ்சள் பூவின் நடுவே கரும்பழுப்புப் பட்டை ஓடும். 19-ஆம் நூற்றாண்டில் அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஆர்க்கிட் ஆசைக்காரர்களுக்காக அள்ளி அள்ளியே அந்த மலையில் இல்லாமல் போகும் நிலைக்கு வந்துவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகளைப் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தமும் இவற்றை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்திருக்கிறது. காட்டிலிருந்து எடுப்பதற்கு மட்டும் அல்ல, வளர்ப்பதற்கும் விற்பதற்கும்கூட நம் சட்டத்தில் உரிமம் பற்றிய விதிகள் உண்டு. ஆகவே உரிமம் உள்ள நர்சரியில், விதையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செடியை, பில்லோடு வாங்குங்கள். வேரில் காட்டுப் பாசியும் மண்ணும் ஒட்டிய செடியை யாராவது குறைந்த விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

கலவை

என் கலவை இது: பைன் பட்டை மூன்று பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கரி ஒரு பங்கு, பெர்லைட் என்ற பொரித்த எரிமலைக் கல் ஒரு பங்கு. பெரிய செடிக்குப் பட்டையும் மட்டையும் சுண்டல் கடலை அளவில் இருக்கட்டும். சிறு கன்றுக்கு அதில் பாதி. பைன் பட்டை கிடைக்காவிட்டால் மட்டைத் துண்டையே ஐந்து பங்காகப் போட்டும் வளர்த்திருக்கிறேன், நன்றாகவே வந்தது.

பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு மட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மட்டையை அப்படியே போட்டுவிடக் கூடாது. தேங்காய் மட்டையில் உப்பு உண்டு, சோடியமும் பொட்டாசியமும் நாரோடு பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்லிப்பரின் வேர் உப்பைத் தாங்காது. முதலில் துண்டுகளை ஒரு வாளியில் ஊற வையுங்கள். மறுநாள் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் நிறம் வெளிறிவிடும். நான்காம் நாள் லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு போடுவேன். உரக்கடையில் கிடைக்கும். நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அது முழுதாகப் போகாது. கடைசியாக நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி வடித்தால் மட்டை தயார்.

கரியை இடித்துச் சலித்து, தூளை வேறு செடிகளுக்குப் போட்டுவிட்டு, துண்டுகளைக் கழுவிப் போடுங்கள். பெர்லைட்டைச் சலிக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. கலவை முழுவதையும் முந்தின நாளே நனைத்து வைத்துவிட்டால் நட்ட பிறகு உலர்ந்த பட்டை வேரிலிருந்து ஈரத்தை இழுக்காது.

தொட்டி விஷயத்தில் எனக்கு ஒரே எண்ணம்தான். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டி வாங்குங்கள். மண் தொட்டி அழகுதான், ஆனால் நம் ஆடிக் காற்றில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் போய்விடும். பிளாஸ்டிக்கின் அடியில் மட்டும் இல்லாமல் பக்கவாட்டிலும் காய்ச்சிய கம்பியால் ஆறேழு துளை போட்டுக்கொள்ளுங்கள். அளவு, வேர்க்கட்டைச் சுற்றி ஒரு விரல் இடம் இருந்தால் போதும். நான்கு அங்குலத் தொட்டியில் பூக்கிற செடியை எட்டு அங்குலத்துக்கு மாற்றினால் நடுவில் இருக்கும் கலவை காயவே காயாது.

தொட்டி மாற்றுவது

மாற்றுவதற்கு முந்தின நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமான வேர் வளையும், உலர்ந்த வேர் ஒடியும். தொட்டியின் பக்கங்களைக் கையால் அமுக்கிவிட்டு, செடியின் அடியைப் பிடித்துச் சாய்த்தால் மொத்தமாக வந்துவிடும். இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய கலவையை உதறி, ஒட்டிக்கொண்டிருப்பதை ஒரு வாளித் தண்ணீரில் ஆட்டிக் கழுவுங்கள். வேரின் ரோமங்களோடு இறுகப் பற்றியிருக்கும் இரண்டொரு பட்டைத் துண்டுகளை விட்டுவிடுங்கள். பிய்த்தால் வேரின் தோலும் சேர்ந்து வரும்.

இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். ஸ்லிப்பரின் வேர் பழுப்பு நிறம், மேலெல்லாம் கம்பளி போல ரோமம். வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும் வேரைப் பார்த்துப் பழகியவர்கள் இதைச் செத்த வேர் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. பொதபொதவென்று அமுங்கி, மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகியது, அதை அடி வரை வெட்டிவிடுங்கள்.

கத்தரியை அடுப்புத் தீயில் காட்டி, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு செடிக்கு வெட்டியதைச் சுத்தம் செய்யாமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகக் கூடாது. வைரஸ் நோய் ஆர்க்கிட்டுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகிறது, அதற்கு மருந்து கிடையாது. வெட்டிய இடத்தில் சமையலறைப் பட்டைத் தூளை ஒரு சிட்டிகை தொட்டு வைப்பேன், பூஞ்சணம் வராது. ஆனால் நல்ல வேரில் அது படக் கூடாது, காய வைத்துவிடும்.

இப்போது நடுவது. செடியைத் தொட்டியின் நடுவில் பிடித்து, வேர்களை விரித்து, கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு மூங்கில் குச்சியால் வேர் இடுக்கில் தள்ளுங்கள். தொட்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் கலவை இறங்கும். எந்த ஆழத்தில் நடுவது என்பதுதான் மிக முக்கியம். புதிய வேர் இலைகள் சேரும் அடிப்பகுதியிலிருந்து மட்டும்தான் வரும். ஒவ்வொரு பக்கக் கன்றும் பழையதைவிடச் சற்று உயரத்தில் முளைப்பதால், மாற்றாமல் விட்ட தொட்டியில் புதுக் கன்றின் அடி கலவைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அதில் எட்டிப் பார்க்கும் வேர்முனை காற்றில் பட்டுக் கருகிவிடும். கடைசியாக வந்த கன்றின் அடி கலவைக்குக் கீழே அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இருக்கும்படி நடுங்கள். அதற்கு மேல் ஆழம் போனால் இலை அடியில் தண்ணீர் தங்கி அழுகும்.

நட்டு முடித்ததும் இலையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். தொட்டியும் சேர்ந்து எழ வேண்டும். ஆடுகிற செடி வேர் விடாது. ஆடினால் இரண்டு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். நிறைய வேர் வெட்டியிருந்தால் மட்டும் இரண்டு நாள் பொறுத்து ஊற்றலாம். பத்துப் பதினைந்து நாள் நல்ல நிழலில் வையுங்கள், உரம் வேண்டாம்.

கன்று பிரிப்பதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்தச் செடி வாழை மாதிரி. ஒரு கன்று ஒரே ஒரு முறைதான் பூக்கும், அடுத்த பூ பக்கக் கன்றில்தான் வரும். ஆனால் வாழையைப் போலத் தாயை வெட்டிச் சாய்த்துவிடாதீர்கள். பூத்து முடிந்த கன்றும் வருடக்கணக்கில் பசுமையாக நின்று பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். ஒரு கொத்தில் குறைந்தது மூன்று கன்றாவது இருக்கும்படி பிரியுங்கள். ஆறு கன்று சேரும் வரை நான் தொடவே மாட்டேன். கையால் லேசாகத் திருகும்போது தானாக விலகினால் பிரியுங்கள், கத்தி தேவைப்பட்டால் இன்னும் காலம் வரவில்லை. ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டைப் போல ஸ்லிப்பரைத் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் படியெடுப்பது இன்றும் எளிதில் கைகூடாத காரியம். பெரும்பாலும் விதையிலிருந்துதான் வளர்க்கிறார்கள், பூக்கவே மூன்று நான்கு வருடங்களுக்கு மேல் ஆகும். ஆகவே உங்களிடம் இருக்கும் பூவைப் போலவே இன்னொரு பூ வேண்டுமானால் அந்தக் கொத்தைப் பிரித்தால்தான் உண்டு. கடைசியாக நான் பிரித்த கொத்து என் அக்கா வீட்டில் இப்போது பூத்திருக்கிறது.

வேரே இல்லாமல் வந்து நின்றாலும் உடனே தூக்கி எறியாதீர்கள். அழுகலை எல்லாம் வெட்டி, ஈரம் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை அடியில் தளர்வாகச் சுற்றி, மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வைத்தேன் ஒரு முறை. தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்று காட்டுவேன். மூன்றாவது மாதம் ஒரு வேர்முனை தெரிந்தது. அந்தச் செடி இன்றைக்கும் இருக்கிறது.

தண்ணீரும் மற்றதும்

கோவைக்காரர்களுக்குத் தெரியும், எங்கள் வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் சிறுவாணி, மற்றதில் போர் தண்ணீர். ஸ்லிப்பருக்குச் சிறுவாணிதான். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் என் டிடிஎஸ் மீட்டரில் சிறுவாணி 100-ஐத் தொட்டதில்லை, எங்கள் போர் 1,000-க்கு மேல் காட்டுகிறது. சிறுவாணி வராத நாட்களில் மொட்டை மாடியில் பிடித்த மழைநீரைப் பயன்படுத்துகிறேன். உப்புத் தண்ணீர் மட்டும்தான் உண்டு என்றால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். இலை நுனி கறுத்துக் கருகினால் பெரும்பாலும் உப்புதான் காரணம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை ஊற்றுவது என்று நாள் கணக்கு சொல்ல முடியாது. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் செருகியே வைத்திருங்கள். உருவிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஈரம் மட்டும் லேசாகத் தெரிந்தால் ஊற்றுங்கள், முழுக்க உலரும் வரை காத்திருக்காதீர்கள். எனக்கு ஏப்ரலில் இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஐப்பசி மழையில் ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை. ஊற்றுவது காலையில். இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கினால் அங்கிருந்து பாக்டீரியா அழுகல் தொடங்கும். பழுப்பாக நீர் கோத்து, நாற்றம் அடிக்கும், இரண்டே நாளில் ஒரு கன்று முழுவதும் போய்விடும். தேங்கினால் துணி நுனியால் ஒற்றி எடுங்கள். அழுகல் தொடங்கிவிட்டால் நல்ல சதை வரும் வரை வெட்டிவிட்டு, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள்.

வெளிச்சம் அதிகம் வேண்டாம். கிழக்கு ஜன்னல் நல்லது. இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள், மங்கலான நிழல் விழுந்தால் சரி, விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் வெயில் அதிகம். சித்திரையில் இங்கே 37 டிகிரி வரை போகும். அப்போது செடிகளை உள் ஜன்னலுக்குக் கொண்டுவந்து, கூழாங்கல்லும் தண்ணீரும் உள்ள தட்டின் மேல் வைப்பேன். தொட்டியின் அடி தண்ணீரில் தொடக் கூடாது.

உரம், 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை. மாதத்தில் ஒரு முறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பை அலசிவிடுங்கள். இலை இடுக்கில் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரிந்தால் ஸ்பிரிட்டில் தோய்த்த காது குடையும் பஞ்சால் துடைத்து எடுங்கள், எறும்பு வரும் வழியையும் அடையுங்கள். மாவுப்பூச்சியை ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோவது எறும்புதான்.

மொட்டு இலைகளின் நடுவிலிருந்து ஒரு மூடிய உறைக்குள் வரும். அதைக் கண்ட நாளிலிருந்து தொட்டியைத் திருப்பாதீர்கள், வெளிச்சம் வரும் பக்கத்தைப் பார்த்துத்தான் பூ விரியும். திருப்பித் திருப்பி வைத்தால் கழுத்து கோணிக்கொள்ளும். தண்டுக்கு ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பூவின் முன்னால் தொங்கும் பையைப் பார்த்து, பூச்சி தின்னும் செடியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தின்னாது. பையில் விழும் ஈ மறுபடி வாய் வழியாக வர முடியாமல், பின்னால் இருக்கும் குறுகிய வழியில் ஏறி, மகரந்தத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு போகும். அதற்காகத்தான் அந்தப் பை.

பூ வாடியதும் தண்டை அடியில் வெட்டிவிட்டு, அடுத்த ஆனிக்குச் செடியைக் குறித்து வையுங்கள். தொட்டி மாற்றிய தேதியைப் பெயர் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் பேனா மை ஆறு மாத வெளிச்சத்தில் வெளிறிப் போகும், பென்சில் எழுத்து அப்படியே இருக்கும்.